இரண்டாவது தகடு

"ஒரே தகடாக வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!" அமெரிக்க ராக் குழுவான நைன் இன்ச் நெயில்ஸின் 'தி ஃப்ரஜைல்' பாடல் தொகுப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார். பிடித்தவர்களும் சொல்கிறார்கள், பிடிக்காதவர்களும் சொல்கிறார்கள். பிடித்தவர்கள் பெருமூச்சுடன் சொல்வார்கள், பிடிக்காதவர்கள் தீர்ப்பாகச் சொல்வார்கள் என்பதுதான் வேறுபாடு. நானும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த வாக்கியத்தை நான் சொல்லத் தொடங்கியது எப்படி, நிறுத்தியது எப்படி, நிறுத்திய பிறகும் அது தவறு என்று என்னால் ஏன் முழுமையாக நிறுவ முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அது தீர்ந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தேன். சென்ற மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு அப்படி இல்லை என்று காட்டிவிட்டது.

1999 செப்டம்பரில் வெளியான அந்தத் தொகுப்பில் 23 பாடல்கள், இரண்டு தகடுகள், ஏறக்குறைய 103 நிமிடங்கள். தகடுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்கூட இல்லை. இடது, வலது என்று பெயர். 1994-இல் வந்த 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' தொகுப்புக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள் முதல் வாரத்திலேயே 2,28,000 பிரதிகளை வாங்கினார்கள். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் கிடைத்தது. அடுத்த வாரமே 16-ஆம் இடத்துக்குச் சரிந்தது. ஒரு வாரத்தில் இப்படிச் சரிய வேண்டுமானால் அந்த ஏழு நாள்களில் வாங்கியவர்கள் நண்பர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பிட்ச்ஃபோர்க் இதழ் பத்துக்கு 2.0 மதிப்பெண் போட்டது. ஸ்பின் இதழோ அந்த ஆண்டின் தலைசிறந்த தொகுப்பு என்று அதையே தேர்ந்தெடுத்தது. பத்துக்கு ஆறும் ஏழும் வாங்கும் தொகுப்புகளைப் பற்றி யாரும் இருபது ஆண்டுகள் சண்டை போடுவதில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சண்டை இதழ்களில் தொடங்கவில்லை, ஒரு விடுதி அறையில் தொடங்கியது. அந்த அறையில் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் அழைப்பேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். இண்டஸ்ட்ரியல் ராக் என்ற பெயரையே அவரிடமிருந்துதான் கேட்டேன். பட்டறையின் சம்மட்டி ஒலியைத் தாளமாக ஏற்கக் காதைப் பழக்கியது, மினிஸ்ட்ரி குழுவை அறிமுகப்படுத்தியது, நைன் இன்ச் நெயில்ஸின் 'புரோக்கன்' குறுந்தொகுப்பை நள்ளிரவில் போட்டுப் பக்கத்து அறைக்காரரிடம் திட்டு வாங்கித் தந்தது எல்லாம் அவர்தான். அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய அத்தை மகன் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'தி ஃப்ரஜைல்' தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் இரவு இருவரும் முழுவதையும் கேட்டோம். இடது தகடு முடிந்தபோது அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வலது தகட்டில் பாதி போனபோது எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். முடிந்ததும், "இதுல பாதி வேண்டாம்டா" என்றார். எனக்கு அப்போது ஒரு கருத்தும் இல்லை, தூக்கம்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் உணவுக்கூடத்தில் இன்னொரு மாணவன் கேட்டபோது, "பாதி வேண்டாம்" என்று நானே சொன்னேன். பிறருடைய கருத்தை இவ்வளவு விரைவில் சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்பது இன்று நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அண்ணனின் ஏமாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 'டவுன்வர்ட் ஸ்பைரல்' ஒரு கிணற்றுக்குள் இறங்குவதைப் போன்ற தொகுப்பு. படி தெரியும், இருட்டு கூடுவது தெரியும், கடைசியில் 'ஹர்ட்' பாடலில் கால் தரையைத் தொடுவதும் தெரியும். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அடுத்த தொகுப்பையும் அந்த அளவுகோலை வைத்துத்தான் அளப்பார். 'ஃப்ரஜைல்' தொகுப்பிலிருந்து வந்த முதல் தனிப்பாடலான 'தி டே தி வேர்ல்ட் வென்ட் அவே'யில் டிரம்ஸே கிடையாது. கிதார்கள் சுவராக எழுந்து நிற்கின்றன, பிறகு அடங்குகின்றன, பிறகு பல குரல்கள் சேர்ந்து சொல்லில்லாமல் ஒரு மெட்டைப் பாடி முடிக்கின்றன. தாளத்தைச் சம்மட்டியாகப் பயன்படுத்திப் பெயர் பெற்ற ஒரு குழு, ஐந்தாண்டு காத்திருப்புக்குப் பிறகு அனுப்பிய முதல் செய்தியில் தாளத்தையே எடுத்துவிட்டது. எனக்கு அது துணிச்சலாகத் தெரிகிறது. அன்று அண்ணனுக்கு அது ஏய்ப்பாகத் தெரிந்தது.

பதினாறு பாடல்கள்

வெற்றுத் தகட்டில் பாடல்களைப் பதிந்து கொடுக்கும் கடைகள் அப்போது பெருகத் தொடங்கியிருந்தன. 80 நிமிடம் கொள்ளும் தகடு ஒன்றை வாங்கி, 'ஃப்ரஜைல்' தொகுப்பை ஒரே தகடாக வெட்டித் திருத்துவது என்று அண்ணன் முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். எதை எடுப்பது என்பதில் நாங்கள் அடித்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அடித்துக்கொள்ளவே இல்லை, ஏனெனில் அண்ணன் மிக எளிய விதி ஒன்றை வைத்தார். பாட்டு என்றால் யாராவது பாட வேண்டும். குரல் இல்லாதவை, அல்லது இருந்தும் பேருக்கு இருப்பவை, எல்லாம் வெளியே. அப்படிப் பார்த்ததில் ஏழு விழுந்தன: 'தி ஃப்ரெயில்', 'ஜஸ்ட் லைக் யூ இமேஜின்ட்', 'பில்கிரிமேஜ்', 'லா மெர்', 'தி மார்க் ஹாஸ் பீன் மேட்', 'காம்ப்ளிகேஷன்', கடைசியில் வரும் 'ரைப்'. ஏழும் சேர்ந்து ஏறக்குறைய 28 நிமிடம். மீதமிருந்த பதினாறும் எழுபத்தைந்தரை நிமிடத்தில் அடங்கின. கணக்கு இவ்வளவு கச்சிதமாக வந்ததே எங்கள் வெட்டு சரி என்பதற்குச் சான்று என்று நாங்கள் நம்பினோம். தகட்டின் மேல் அண்ணன் மார்க்கர் பேனாவால் 'சரியான ஃப்ரஜைல்' என்று எழுதினார்.

அந்தத் தகட்டை நான் ஆறு ஆண்டுகள் கேட்டேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பாடல்களின் வரிசை எனக்கு மனப்பாடம். ஒன்று முடியும் கடைசி நொடியிலேயே அடுத்ததன் முதல் ஒலி காதில் விழுந்துவிடும். ஆனால் கேட்கக் கேட்க அந்தத் தொகுப்பின் மீது ஒரு சலிப்பும் வளர்ந்தது. குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ட்ரென்ட் ரெஸ்னரின் வரிகள்தான் அதற்குக் காரணம். நான் உடைந்தவன், நான் விழுகிறேன், நீ போய்விட்டாய், எல்லாம் முடிந்தது. அந்த மனிதர் எதைப் பார்த்தாலும் தன்னையே பார்த்தார். எதுகைகளோ பதினைந்து வயதுப் பையனின் குறிப்பேட்டில் இருப்பவை. அச்சில் போட முடியாத பெயர் கொண்ட ஒரு பாடல் இருக்கிறது. புகழ்பெற்றவர்களை ஒட்டிக்கொண்டு திரிபவர்களைத் திட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. இவ்வளவு பெரிய துயரத்தின் நடுவே இவ்வளவு சின்னக் கோபத்துக்கு என்ன வேலை என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. வரிகளைக் கேலி செய்த விமர்சகர்கள் சொன்னதெல்லாம் உண்மை என்றே நானும் எல்லோரிடமும் சொன்னேன். இசை அற்புதம், ஆனால் இந்த ஆள் எழுபத்தைந்து நிமிடமும் ஓயாமல் புலம்புகிறார் என்பதே என் முறைப்பாடு.

பேருந்தில் ஓர் இரவு

2006-இல், வேலை கிடைத்த பிறகு, அசல் இரட்டைத் தகடுகளை ஒரு கடையில் பார்த்து வாங்கினேன். கேட்பதற்காக அல்ல, வைத்திருப்பதற்காக. இருந்தாலும் இரண்டையும் எம்பி3 கருவியில் ஏற்றிவைத்தேன். சில நாள் கழித்து ஓர் இரவுப் பேருந்துப் பயணம். தூக்கம் வரவில்லை. முதல் பாடலிலிருந்து ஓடவிட்டேன், எதையும் தள்ளிவிடச் சோம்பல். முதல் பாடலான 'சம்வாட் டேமேஜ்ட்' பழக்கப்பட்டதுதான்: ஒரு சிறிய கிதார் சுற்று திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் தன் மேல் ஓர் அடுக்கை ஏற்றிக்கொண்டு, கடைசியில் தாங்க முடியாமல் வெடிக்கும். அதன் பிறகு இரண்டு பாடல் தள்ளி, ஆறு ஆண்டுகளாக நான் கேட்காத 'தி ஃப்ரெயில்' வந்தது. இரண்டு நிமிடம்கூட இல்லாத பியானோ. அதன் மெட்டுதான் மூன்று பாடல் கழித்துத் தலைப்புப் பாடலான 'தி ஃப்ரஜை'லில் திரும்ப வருகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். நல்ல வேலைப்பாடு என்று நினைத்தேன், அவ்வளவே.

இடது தகட்டின் முடிவுக்கு முந்தையது 'லா மெர்'. பிரெஞ்சு மொழியில் கடல். ஒரு பியானோச் சுற்று அவசரமில்லாமல் வந்து வந்து போகிறது, அதன் கீழே கனத்த தந்தி ஒலி சேர்கிறது, பிறகு டிரம்ஸ் நுழைகிறது, ஒரு பெண் குரல் கிரியோல் மொழியில் எதையோ தாழ்ந்த தொனியில் சொல்லிவிட்டுப் போகிறது. பேருந்து ஏதோ ஓர் ஊருக்கு வெளியே நின்றிருந்தது. வெளியே ஒரு தேநீர்க் கடையின் குழல்விளக்கு. அந்த நான்கரை நிமிடமும் எனக்கு எந்த எண்ணமும் இல்லை. அதைத் தொடர்ந்து 'தி கிரேட் பிலோ', நீருக்குள் மெல்ல இறங்கிப்போகும் ஒருவனின் பாடல். எங்கள் வெட்டுத் தகட்டில் அதுவும் இருந்தது. ஆனால் அங்கே அதற்கு முன்னால் கடல் இல்லை. கரையே தெரியாமல் ஆளை நேராகத் தண்ணீருக்குள் தள்ளியிருந்தோம்.

பிறகு வலது தகட்டின் முதல் பாடலான 'தி வே அவுட் இஸ் த்ரூ' ஓடி முடிந்தது. அதன் பின் மீண்டும் 'லா மெர்' ஒலித்தது. கருவி பழுதாகிப் பின்னோக்கித் தாவிவிட்டது என்று நினைத்து, சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரையில் 'இன்டு தி வாய்ட்' என்று இருந்தது.

'இன்டு தி வாய்ட்' எனக்குத் தெரியாத பாடல் அல்ல. எங்கள் தகட்டில் நான் அதிகம் கேட்டதே அதுதான். தலையாட்ட வைக்கும் தாளம், நகரும் பேஸ் கிதார். தொடக்கத்தில் ஏதோ தந்திகளைச் சுண்டும் ஒலி ஒன்று இருக்கும். அது தொடங்குவதற்கான ஓர் அலங்காரம், சீக்கிரம் தாளம் வந்தால் தேவலை என்று ஆறு ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒலி 'லா மெர்' மெட்டு. சற்று முன் பியானோவில் அமைதியாக வந்து போனதுதான் இப்போது தந்திகளில் சுண்டப்பட்டு, பிறகு ஆட்டத்துக்கான தாளத்தின் அடியில் புதைகிறது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அமைதி தந்த மெட்டு, கரைக்குத் திரும்பியவனை விடாமல் துரத்துகிறது. நூறு முறையாவது கேட்ட ஒரு பாடலை நான் அதுவரை கேட்கவில்லை என்பதை அந்தப் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரரின் தலை என் தோளில் சாய்ந்திருந்த நிலையில், தெரிந்துகொண்டேன். அவரை எழுப்ப மனமில்லாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதால் மீதியையும் கேட்க வேண்டியதாயிற்று. அதற்கு அவருக்கு நன்றி.

மீதியைக் கேட்டபோதுதான் இன்னொன்று புலப்பட்டது. வரிகள் மாறவில்லை, அதே பலவீனமான வரிகள். ஆனால் புலம்பல் குறைந்திருந்தது. சொல்லத் தெரியாமல் ஒருவன் திக்குகிறான், பிறகு வாயை மூடிக்கொள்கிறான். அவன் வாயை மூடிய இடத்தில் இசை தொடர்ந்து போகிறது, அவன் சொல்ல முயன்றதைவிடத் தெளிவாகப் போகிறது. பிறகு அவன் மறுபடி வாயைத் திறந்து மறுபடி தோற்கிறான். நாங்கள் வெட்டி எறிந்த ஏழும் அவன் வாயை மூடிக்கொண்ட இடங்கள். அவற்றை எடுத்துவிட்டு, அவன் பேசும் பகுதிகளை மட்டும் ஒட்டி எழுபத்தைந்து நிமிடத் தகடாக்கிவிட்டு, ஓயாமல் பேசுகிறானே என்று ஆறு ஆண்டுகள் குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் குறை தொகுப்பில் எவ்வளவு இருந்தது, எங்கள் கத்தரிக்கோலில் எவ்வளவு இருந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணனின் மறுப்பு

ஊர் திரும்பியதும் அண்ணனை அழைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு மெட்டு ரெண்டு இடத்துல வருது, சரி. அதனால அது நல்ல மெட்டு ஆயிடுமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. உறவு காட்டுவது வேறு, மதிப்பு வேறு. மோசமான நாவல்களிலும் முதல் அத்தியாயத்தில் வந்த துப்பாக்கி கடைசியில் வெடிக்கத்தான் செய்கிறது.

நான் அடுத்துப் பிடித்துக்கொண்டது ரெஸ்னரின் சொந்த விளக்கத்தை. 'டவுன்வர்ட் ஸ்பைரல்' ஒவ்வொரு அடுக்காக உரித்துக்கொண்டு போய் அசிங்கமான ஒரு முடிவை அடைவது. 'ஃப்ரஜைல்' அந்த முடிவில் தொடங்கி, குழப்பத்திலிருந்து ஓர் ஒழுங்கை உண்டாக்க முயன்று, கடைசிவரை அங்கே போய்ச் சேராதது என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். துண்டுகளை ஒட்டவைக்கத் திணறும் ஒருவனின் ஒலியாக, அடிப்படையிலேயே பழுதுள்ள ஒன்றாக அது இருக்க வேண்டும் என்று விரும்பியதாகவும் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். பழுதுள்ள பொருளை விற்றுவிட்டு, பழுதாகச் செய்வதே நோக்கம் என்று சொல்லும் வியாபாரியை யார்தான் நம்புவார்கள் என்றார். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. நோக்கத்தைக் காட்டி எந்தக் குறையையும் நியாயப்படுத்திவிடலாம்.

ஆனால் அந்தத் தொகுப்பு உருவான விதத்தைப் பார்க்கும்போது, அது விற்ற பிறகு கற்பித்த சாக்கு அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ரெஸ்னரை வளர்த்த பாட்டி 1997-இல் இறந்திருந்தார். மதுவும் போதையும் ஒருபுறம். 'லா மெர்' மெட்டை, கலிபோர்னியாவின் பிக் சூர் கடற்கரையில் தனியே தங்கியிருந்த மிக மோசமான நாள்களில் எழுதியதாக அவரே பின்னாளில் சொன்னார். பதிவு நடந்தது நியூ ஆர்லியன்ஸில், முன்பு ஈமச்சடங்கு நிலையமாக இருந்த ஒரு கட்டடத்தில். முந்தைய தொகுப்பைக் கொலை நடந்த வீட்டில் பதிவு செய்தவர் இவர். இடம் பார்ப்பதில் ஏதோ ஒரு ராசி. அங்கே இசைத் தயாரிப்பாளர் ஆலன் மோல்டருடன் சேர்ந்து குவித்த பதிவுகளுக்கு ஒரு வரிசை பிடிபடாமல், பிங்க் ஃப்ளாயிடின் 'தி வால்' தொகுப்பில் பணியாற்றிய பாப் எஸ்ரினை அழைத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். இரட்டைத் தொகுப்புகளை ஒழுங்கு செய்து பழகியவரே வந்தும் அது இரண்டு தகடாகத்தான் நின்றது. அவர் ஒன்றுக்குள் அடக்க முயன்றிருந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையைவிட நன்றாகவே செய்திருப்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2016-இல் ரெஸ்னர் எங்கள் வெட்டுக்கு நேர் எதிரான ஒன்றை வெளியிட்டார். 'டீவியேஷன்ஸ்' என்ற அந்தப் பதிப்பில் 37 பாடல்கள்: 'ஃப்ரஜைல்' பாடல்களின் குரலில்லாத வடிவங்கள், மாற்று வடிவங்கள், அதுவரை வெளிவராதவை. வரிகள்தான் குறை என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். பேருந்து இரவுக்குப் பிறகு நான் வாத்தியப் பகுதிகளின் வக்கீலாக மாறியிருந்தேன். ஆகவே இது எனக்குச் சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு முறை ஆசையாகக் கேட்டேன். ஒலிகளின் அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன, பாடும்போது மறைந்திருந்த நுணுக்கங்கள் மேலே வந்தன. மூன்றாம் முறை பாதியில் நிறுத்திவிட்டேன். 'தி கிரேட் பிலோ'வில் கடல் முழுவதும் இருந்தது, இறங்கிப் போகிறவன் இல்லை. நான் கேலி செய்த அந்த எதுகைகளை என் வாய் தானாக முணுமுணுத்து நிரப்பிக்கொண்டிருந்தது. அண்ணன் குரல் இல்லாததை வெட்டினார், ரெஸ்னர் குரலை வெட்டினார், இரண்டுமே என்னிடம் நிற்கவில்லை.

இதற்கிடையில் வேறொரு வகைக் கேட்பவர்கள் வந்துவிட்டார்கள். ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் 'தி சோஷியல் நெட்வொர்க்' திரைப்படத்துக்கு இசையமைத்து 2011-இல் ஆஸ்கர் பெற்ற பிறகு, திரையிசை வழியாகப் பின்னோக்கி வந்தவர்கள் இவர்கள். இவர்களில் சிலருடன் பேசியிருக்கிறேன். இவர்களுக்கு 'ஃப்ரஜைல்' தொகுப்பின் வாசலே அந்த ஏழு பாடல்கள்தான். டேவிட் போவியுடன் வாசித்த மைக் கார்சனின் பியானோ புரளும் 'ஜஸ்ட் லைக் யூ இமேஜின்ட்' பாடலை, '300' படத்தின் முன்னோட்டத்தில் கேட்டுவிட்டுத் தேடி வந்தவர்களும் உண்டு. "ஒரே தகடாக வந்திருந்தால்" என்ற வாக்கியத்தை இவர்களும் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆனால் இவர்கள் வெட்டச் சொல்வது சத்தமான பாடல்களை. முறிந்து கத்தும் 'நோ யூ டோன்ட்' போன்றவை இவர்களுக்குப் பதின்பருவ எச்சம். அண்ணன் தலைமுறைக்கோ அவை மட்டும்தான் அசல் நைன் இன்ச் நெயில்ஸ். ஒரே வாக்கியத்தைச் சொல்லும் இரண்டு கூட்டமும் எறியச் சொல்வது ஒன்றுக்கொன்று மற்றதன் பாதியை.

இதையும் அண்ணனிடம் ஒரு வாதமாக வைத்தேன். நாம் எறிந்ததிலிருந்துதான் ரெஸ்னர் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய இசை முளைத்தது என்றேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் என்ன வந்தது என்பதை வைத்து முன்னால் உள்ளதை மதிப்பிடக் கூடாது, பிள்ளை கலெக்டர் ஆனதால் அப்பனின் கையெழுத்து அழகாகிவிடாது என்றார். அது சரியான பேச்சு. ரெஸ்னர் 2001-இல் போதையிலிருந்து மீண்டார் என்பது தெரிந்த பிறகு 'ஃப்ரஜைல்' தொகுப்பை ஒரு விளிம்பில் நின்ற மனிதனின் ஆவணமாகக் கேட்கிறவர்களைப் பற்றியும் அவர் இதையே சொல்வார். அந்த வகைக் கேட்பில் எனக்கும் உடன்பாடில்லை. ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்பதற்காக அவர் பாட்டைக் கூடுதலாக நேசிப்பது பாட்டைக் கேட்பதாகாது. ஆனாலும் 'லா மெர்' ஒலிக்கும்போது பிக் சூர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தொலைபேசி

சென்ற மாதம் அழைத்தது அண்ணன்தான். அவருடைய பழைய காரில் இன்னும் தகடு போடும் கருவி இருக்கிறது. 'சரியான ஃப்ரஜைல்' கீறல் விழுந்து, 'வி ஆர் இன் திஸ் டுகெதர்' பாடலில் ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறதாம். ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பாடல் சிக்கினால் அரை மணி நேரம் ஆனாலும் முடியாது. அசல் என்னிடம் இருப்பதால் அதே வரிசையில் இன்னொன்று பதிந்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். இருபத்து நான்கு ஆண்டுகளாக அவர் அந்தத் தகட்டை விடாமல் கேட்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். வெறுப்பதாக அவரே எண்ணற்ற முறை சொன்ன ஒரு தொகுப்பை.

அன்றிரவே உட்கார்ந்தேன். பதினாறையும் வரிசைப்படுத்திய பின், ஒரு சின்னக் குறும்பு தோன்றியது. 'தி கிரேட் பிலோ'வுக்கு முன்னால் 'லா மெர்' ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டால், ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் 'இன்டு தி வாய்ட்' தொடங்கும்போது அவருக்கும் அது நிகழும். சேர்த்தேன். கணினி ஏற்கவில்லை. எழுபத்தைந்தரையும் நான்கரையும் சேர்ந்து, தகட்டின் 80 நிமிடத்தைச் சில நொடிகளில் தாண்டிவிட்டது. ஏதாவது ஒரு பாடலை எடுத்தாக வேண்டும். அச்சில் போட முடியாத பெயர் கொண்ட அந்தப் பாடலை எடுத்துவிடலாம் என்று கை போனது. மறுபடியும் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கிறேன் என்பது உறைத்ததும் நிறுத்திவிட்டு, குறும்பை ஒப்புக்கொள்வதே மேல் என்று அவரை அழைத்தேன்.

"அண்ணே, ஒரு பாட்டு சேக்கலாம்னு பாத்தேன். இடம் பத்தல. பதினாறுல எத எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அவர் வெகு நேரம் பேசவில்லை. ஒவ்வொரு பாடலாக மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. நடுவில் 'ஈவன் டீப்பர்' என்று முணுமுணுத்தார், பிறகு அதை ராப் உலகின் டாக்டர் ட்ரே மிக்ஸ் செய்ததாயிற்றே, வேண்டாம் என்று தானே விலக்கிக்கொண்டார். அந்தத் திட்டுப் பாட்டை எடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் தொய்ந்துவிடும் என்றார்.

"இதுல எதையும் எடுக்க முடியாதுடா" என்றார் கடைசியில். "எல்லாம் இருக்க வேண்டியது."

பதினாறையே பதிந்து மறுநாள் தபாலில் அனுப்பினேன்.